புதுப்பிப்பு: அப்பாவின் வலது கை

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் கைக்கு ஒரே பயிற்சி போதுமா, சிலவற்றைச் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்தே செய்கிறோம்.

முதலில் மணிக்கட்டைத் தூக்கும் தசைக்கு மின்தூண்டல், அதாவது கருவி வழியே லேசான மின்சாரம் கொடுத்துத் தசையை அசைய வைப்பது. கருவி தூண்டும்போது அப்பாவும் கூடவே தூக்க முயல வேண்டும், சும்மா கையை நீட்டிக்கொண்டிருந்தால் பலன் குறைவு என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது முடிந்த உடனேயே டம்ளரைப் பிடிப்பது, துணி மடிப்பது. மாலையில் கண்ணாடிப் பயிற்சி: நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்த்து, தளர்ந்த கையே அசைவதுபோல் மூளைக்குக் காட்டுவது.

நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையையே வேலை செய்ய வைக்கும் முறையைப் பலர் சொன்னீர்கள். 222 பேரை வைத்து நடந்து 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வு அதற்குச் சாதகம்தான். ஆனால் அதைத் தொடங்க, தளர்ந்த கையின் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தானாக நிமிர வேண்டும். அப்பாவுக்கு மணிக்கட்டு நிமிர ஆரம்பித்துவிட்டது! விரல்கள் இன்னும் இல்லை. நிமிர்ந்ததும் அதையும் தொடங்குவோம்.

ஒன்று மட்டும்: தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடாதீர்கள், தோள் கெட்டுவிடும்.