புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் கட்டைக்குக் கடைசியில் எண்ணெய்தான்

அப்பாவின் பழைய .177 (4.5 மி.மீ. குண்டு) ஏர் ரைஃபிளின் கட்டைக்கு, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப் பகுதிக்கு, காமஃப்ளாஜ் ஸ்டிக்கர் ஒட்டலாமா, மர நிறத்திலேயே விடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் காமஃப்ளாஜ் என்றீர்கள். வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே தடை. நான் சுடுவது காகித டார்கெட்டை. இலை தழை டிசைன் போட்டு ராயபுரத்தில் யாரிடமிருந்து ஒளிவது?

அதனால் மரம்தான். பழைய வார்னிஷைச் சுரண்டியதும் உள்ளே வெளிர் பீச் (beech) மரம், சிறுசிறு பழுப்புக் கோடுகளோடு. இதை மூடவா ஸ்டிக்கர் தேடினேன்!

தெரு முனை ஆசாரி மாமா சொன்னபடி, 220 நம்பர் உப்புத்தாள் போட்டபின் ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்ததும் மர நார் முள்முள்ளாக எழுந்து நின்றது. அதை 400-ஆல் தேய்த்த பிறகுதான் உண்மையான வழவழப்பு. அப்புறம் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்), துணியில் தொட்டு மெல்லிசாக. முதல் கோட்டில் அவசரப்பட்டுத் தாராளமாக ஊற்றிவிட்டேன். கடல் காற்று ஈரத்தில் மூன்று நாள் பிசுபிசுத்தது. துடைத்தெடுத்துத் திரும்பவும் ஆரம்பித்தேன். இப்போது நாலு கோட் ஆகிவிட்டது.

ஒன்று மட்டும்: எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் மாடிக் கொடியில் விரித்துக் காயவிட்டேன். "வீடு முழுக்க பெயின்ட் கடை வாசனைடா" என்று அம்மா இன்னும் திட்டுகிறார்.

பேரலில் உப்புக்காற்றுத் துரு கொஞ்சம் இருக்கிறது. அது அடுத்த ஞாயிறு.