சலூனுக்குப் பூட்டு, டாஸ்மாக்குக்கு வரிசை: எந்தச் சட்டப்படி?

கத்தரிக்கோல்: "ஊரடங்கில் கடைகளை மூடியது முழுக்கச் சட்டப்படிதான்" என்று நேற்று இந்த இணையத் திரியில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஐயா, 2020 மே 7 அன்று திருப்பூரில் என் சலூனுக்குப் பூட்டு. எதிரே டாஸ்மாக் வாசலில் குடை பிடித்தபடி வரிசை. சட்டம் எனக்கு மட்டும்தானா?

கருப்புக்கோட்டு: அந்த ஒருவர் நான்தான். 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டமும் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகின்றன. தொழில் உரிமையைப் பொதுநலனுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 19(6) சொல்கிறது. டாஸ்மாக்கை உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது.

கத்தரிக்கோல்: எங்கே அனுமதித்தது? மே 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு, வழக்கு முடியும்வரை, இடைக்காலத் தடை விதித்தது. இடைக்காலத் தடை தீர்ப்பு ஆகாது.

கருப்புக்கோட்டு: மறுநாளே கடை திறந்ததா, இல்லையா?

கத்தரிக்கோல்: திறந்தது. இடைக்காலத் தடை தீர்ப்பு ஆகாது.

கருப்புக்கோட்டு: வாடிக்கையாளர் முகத்தருகே நின்று செய்யும் வேலையும் பாட்டிலை நீட்டும் வேலையும் ஒன்றா?

கத்தரிக்கோல்: நான் ஒருவர் முகத்தருகே நிற்பேன். அங்கே ஒருவர் முதுகில் ஒன்பது பேர் நின்றார்கள். வக்கீல் கண்ணுக்கு வருமானம் மட்டும் தெரிகிறதோ?

செங்கொடி: 19(6) கேட்பது 'நியாயமான' கட்டுப்பாடு. பெருந்தொற்றைச் சாக்காக வைத்து, தொழிற்சாலைத் தொழிலாளருக்கு மிகைநேர ஊதியத்தை இரட்டிப்பாகத் தரத் தேவையில்லை என்று குஜராத் அரசு ஆணை போட்டது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கத்தரிக்கோல்: தொழிற்சாலை வழக்கு இங்கே எதற்கு? எங்கே திரி ஓடினாலும் கொடி நட வந்துவிடுகிறீர்கள்.

செங்கொடி: உங்கள் கடையில் வேலை பார்த்தவருக்கு அந்த இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கத்தரிக்கோல்: என் கல்லாப்பெட்டிக் கணக்கை உங்களிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை.

தென்காசியான்: கடையை நேரத்துக்கு மூடவில்லை என்ற பேச்சில்தான் சாத்தான்குளத்தில் அப்பனும் மகனும் போலீஸ் அடியில் செத்தார்கள். நீங்கள் பிரிவு எண் எண்ணிக்கொண்டிருங்கள்.

கருப்புக்கோட்டு: அது கொலை வழக்கு. ஆணை செல்லுமா என்பது வேறு கேள்வி. கத்தரிக்கோல் ஜிஎஸ்டி திரியிலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினார்.

கத்தரிக்கோல்: அங்கேயும் நீங்கள் பதில் சொல்லவில்லை. டாஸ்மாக்கை அனுமதித்த தீர்ப்பு என்றீர்களே, தேதி என்ன? மே 15 என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கருப்புக்கோட்டு: மே 15.