ஃபெரோ ராடில் பொறி பறக்கிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை. எங்கே தவறு?

சேலத்துக்காரன்:
சென்ற வாரம் நண்பர்கள் நான்கு பேர் ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கினோம். தீ மூட்ட அவரே இடம் காட்டினார். வெட்டிப் போட்டிருந்த சில்வர் ஓக் கட்டைகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். போன ஆண்டு பனியில் தீப்பெட்டி நமுத்துப்போய்ப் பட்ட பாடு நினைவில் இருந்ததால், இந்த முறை ஃபெரோ ராட் (தகட்டால் உரசினால் தீப்பொறி பறக்கும் உலோகக் குச்சி) ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

நாற்பது நிமிடம் உரசினேன். பொறி வந்தது, ஆனால் மெலிதாக, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று. நாளிதழைக் கசக்கி அதன்மேல் மருந்துக்கடைப் பஞ்சை உருட்டி வைத்திருந்தேன். பஞ்சில் கறுப்புப் புள்ளிகள் விழுந்ததோடு சரி. கடைசியில் தோட்டத்துக் காவலரிடம் லைட்டரை வாங்கிப் பற்றவைத்தேன். காகிதம் எரிந்து முடிந்தது, கட்டை புகைந்தது, அதன் இரு முனைகளிலும் நுரை தள்ளி 'உஸ்' என்று சீறியது. பிரெட்டையும் ஊறுகாயையும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

ராட் போலியா? அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். இன்னொரு ராட் வாங்கலாமா?

குறுக்குவழி:
இரண்டு தீப்பெட்டிகளை நன்றாக மூடும் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். வேலை முடிந்தது. எதற்கு இந்தக் கற்கால வைபவம்?

மலைநடையன்:
தம்பி, ராடைக் குறை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள். ராட் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறதா? எதை வைத்து உரசினீர்கள்? அந்தக் கட்டை வெட்டி எத்தனை நாளாயிற்று?

(குறுக்குவழி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும்: உரசும் பட்டையில்தான் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. குச்சி காய்ந்திருந்தாலும் பட்டை நமுத்தால் பற்றாது. ஆகவே குச்சியை மட்டுமல்ல, பெட்டியையும் காப்பாற்ற வேண்டும்.)

சேலத்துக்காரன்:
அண்ணா, ராட் முழுக் கறுப்புதான். அதனுடன் வந்த தகட்டைத் தொலைத்துவிட்டேன். சமையல் கத்தியின் முதுகால் உரசினேன். கட்டை வெட்டி இரண்டு வாரம் இருக்கும் என்றார் தோட்டக்காரர்.

மலைநடையன்:
அப்படியானால் உங்களிடம் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் பொறி. அந்தக் கறுப்பு, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பூச்சு. அது சுரண்டிப் போய், அடியில் பளபளவென்று வெள்ளி நிறம் தெரிந்த பிறகுதான் ராட் தன் குணத்தைக் காட்டும். சமையல் கத்தியின் முதுகு கைக்கு இதமாக இருக்கட்டும் என்று மழுக்கப்பட்டிருக்கும். அது வழுக்கும், சுரண்டாது. முதுகு நறுக்கென்று செங்கோணமாக இருக்க வேண்டும். உடைந்த ஹேக்சா பிளேடின் முதுகு போதும், இரும்புக்கடையில் கேட்டாலே கிடைக்கும். கத்தியின் கூர்ப்பக்கத்தால் உரசாதீர்கள். கத்தியும் கெடும், விரலும் போகும்.

உரசும் முறையும் உண்டு. எல்லோரும் கத்தியை முன்னால் தள்ளுவார்கள்; கை போய்ப் பஞ்சில் இடிக்கும், அடுக்கியதெல்லாம் சிதறும். பிளேடைப் பஞ்சுக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு ராடைப் பின்னால் இழுங்கள். அழுத்தி, மெதுவாக, ஒரே இழுப்பு. பொறி என்பது ராடிலிருந்து சீவப்பட்டு எரியும் துணுக்கு. அது சுமார் 3,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். ஆனால் கண நேரத்தில் அணைந்துவிடும். துணுக்கு பெரிதாக இருந்தால்தான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

பஞ்சை உருட்டியதும் தவறு. பிய்த்துப் பிய்த்துச் சிலந்தி வலைபோல் ஆக்குங்கள். பொறி உள்ளே விழ வேண்டும். நாளிதழ் பொறிக்கு மசியாது, சுடருக்குத்தான் மசியும். வீட்டிலேயே பஞ்சில் வாசலினைத் தேய்த்து டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கும்போது வாசலின் படாத உலர்ந்த இழைகளை வெளியே இழுத்துவிடுங்கள். ஒரு பஞ்சு நான்கைந்து நிமிடம் நின்று எரியும். இலவம் பஞ்சு பக்கென்று பிடித்துப் பக்கென்று போய்விடும், அதை நம்பாதீர்கள்.

ஒரு கொசுறு. லைட்டருக்குள் இருக்கும் 'கல்' கல்லே அல்ல. உங்கள் ராடின் அதே உலோகக் கலவைதான். 1903இல் அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக். திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, அந்த மேன்டிலும் அவர் தந்ததுதான்.

அடுப்பங்கரை:
இரண்டாவது கோளாறை நான் சொல்கிறேன். நாற்பது வருடம் விறகடுப்பில் வெந்தவள். முனையில் நுரை தள்ளினால் அது பச்சை விறகு. இரண்டு வாரத்தில் கட்டை காயாது தம்பி, அதுவும் மழை நாளில். தீயின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும்.

தரையில் கிடப்பதைப் பொறுக்காதீர்கள். மரத்திலேயே பட்டுப்போய்த் தொங்கும் கிளையை ஒடித்துப் பாருங்கள். 'படக்' என்று முறிந்தால் எடுக்கலாம். வளைந்து நார் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மேலே நனைந்திருந்தாலும் கொடுவாளால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். அந்த உள்பக்கத்தைச் சிராய் சிராயாகச் சீவிக்கொள்ளுங்கள். முதலில் தீக்குச்சிப் பருமன், அப்புறம் விரல் பருமன், அப்புறம்தான் கட்டை. காகிதத்திலிருந்து நேரே கட்டைக்குத் தாவினால் எந்த அடுப்பும் எரியாது. சிராய் இரண்டு கைப்பிடி போதும் என்று தோன்றும். ஆறு கைப்பிடி சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

சேலத்திலிருந்துதானே போகிறீர்கள்? வழியில் தென்னந்தோப்பில் கேட்டுப் பன்னாடை, காய்ந்த பாளை, பத்து கொட்டாங்கச்சி எடுத்துப் போங்கள். பன்னாடை பற்றும், பாளை திகுதிகுவென்று எரியும், கொட்டாங்கச்சி தணலாக நிற்கும். கையோடு ஓர் ஊதுகுழல். குனிந்து வாயால் ஊதினால் சாம்பல் கண்ணுக்குத்தான் வரும். குழல் வைத்து அடித்தணலில் ஊதினால் கட்டைக்குச் சொரணை வரும்.

அரளிக் குச்சியை மட்டும் தொடாதீர்கள், அது விஷம்.

குறுக்குவழி:
அக்கா, ஒரு மூடி பெட்ரோல் ஊற்றினால் இந்த ஆறு கைப்பிடிச் சிராய் தேவைப்படாதே?

காப்பிக்காரன்:
ஊற்றியவன் நான். கல்லூரி நாளில். பெட்ரோல் எரிவதற்கு முன் அதன் ஆவி தரையோடு பரவிவிடுகிறது. நான் குச்சியைக் கிழித்தது குவியலிலிருந்து இரண்டடி தள்ளி. புருவம் இரண்டும் போய், வலது முன்கையில் கொப்புளம். மூன்று வாரம் தேர்வு எழுத முடியவில்லை. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அவசரத்துக்குக் கற்பூரம் எவ்வளவோ மேல். ஈரத்திலும் எரியும். கட்டியாகப் போட்டுப் பொறியடித்தால் பற்றாது. பஞ்சைப் பற்றவைத்து அதன்மேல் இரண்டு வில்லை போடுங்கள். உணவுப் பையில் மட்டும் வைக்காதீர்கள், பிரெட்டெல்லாம் கோயில் வாசனை அடிக்கும்.

இன்னொன்று. ஈரத்தரையில் நேரடியாக மூட்டாதீர்கள். மணிக்கட்டுப் பருமனில் நாலைந்து கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மேடை போலாக்கி, அதன்மேல் மூட்டுங்கள். சுற்றிவைக்க ஓடைக்கல்லை எடுக்காதீர்கள்; உள்ளே நீர் கோத்திருந்தால் சூட்டில் வெடிக்கும்.

மலைநடையன்:
காப்பிக்காரன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் அனுமதி தோட்டத்து எல்லை வரைக்கும்தான். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். தை முடிந்து காடு காய்ந்த பிறகு தோட்டத்திலும் மூட்டாதீர்கள். குளிர்கிறது என்று தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இன்னும் ஒரு குடம்.

சேலத்துக்காரன்:
மொட்டைமாடியில் சோதனை செய்தேன். ஹேக்சா பிளேடால் கறுப்பைச் சுரண்டி எடுத்த பிறகு வந்த பொறியைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிறுவன் "அண்ணா, தீபாவளி முடிந்துவிட்டதே" என்றான். வாசலின் பஞ்சு மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பழைய நாளிதழையும் விடாமல் சோதித்தேன். முப்பது இழுப்பு. ம்ஹூம்.

சேலத்துக்காரன் (ஐந்து வாரம் கழித்து):
போய் வந்துவிட்டோம். முதல் நாள் மாலை தூறல். பட்டுப்போன கிளைகளைப் பிளந்து சிராய் சீவவே முக்கால் மணி நேரம் ஆனது. நண்பர்கள் பொறுமை இழந்தார்கள். பற்றவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பன்னாடை சடசடத்தது, பாளை ஆள் உயரம் எரிந்தது. நடுவில் ஒருமுறை நான் அவசரப்பட்டுப் பெரிய கட்டையை வைத்து அமுக்கிவிட்டேன், ஊதுகுழல்தான் காப்பாற்றியது. அடுப்பங்கரை அக்காவுக்கு நன்றி. கொட்டாங்கச்சித் தணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டோம்.

ஒன்பது மணிக்குக் காவலர் வந்தார். குந்தி உட்கார்ந்து, ஒரு கங்கைக் குச்சியால் தள்ளி எடுத்துப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். பிறகு, போன மாதம் வாங்கிய லைட்டர் எங்கே என்று கேட்டார். அன்று அவசரத்தில் கூடாரப் பைக்குள் போட்டு அப்படியே ஊருக்குக் கொண்டுபோய்விட்டேன் போலிருக்கிறது. பக்கவாட்டு ஜிப்பில் இருந்தது.