வரவேற்பு போனஸ்: நிபந்தனையை எழுதி வைத்தாலே நேர்மை ஆகிவிடுமா?

சாட்ஸ்வொர்த் வாசகர் எழுதியது:

இங்கே தென்னாப்பிரிக்காவில் என்னோடு பணிபுரியும் ஒருவருக்கு ஓர் இணையச் சூதாட்டத் தளத்திலிருந்து வரவேற்புச் சலுகை ஒன்று வந்தது. முதன்முறை 1,000 ராண்ட் செலுத்தினால் தளம் மேலும் 1,000 ராண்ட் போனஸ் சேர்க்கும். செலுத்திய பணமும் போனஸும் சேர்ந்த தொகையைப் போல் 30 மடங்கு பந்தயம் கட்டி முடித்த பிறகே பணத்தை எடுக்க முடியும். அதற்கு 7 நாள் கெடு. ஸ்லாட் ஆட்டங்களில் (படங்கள் சுழன்று நிற்கும் இயந்திர ஆட்டம்) கட்டும் பந்தயம் முழுமையாகக் கணக்கில் சேரும், எண் சக்கரத்தில் பந்து உருட்டும் ரூலெட்டில் கட்டுவதில் 20 விழுக்காடு மட்டுமே சேரும். போனஸ் முடியும்வரை ஒரு பந்தயம் 50 ராண்டைத் தாண்டக் கூடாது. இவை அனைத்தும் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன, எதுவும் மறைக்கப்படவில்லை. இத்தகைய சலுகைகளை ஏமாற்று வேலை என்று நம்மவர்கள் பலர் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. வயதுவந்த ஒருவர் நிபந்தனையைப் படித்து ஏற்றுக்கொண்ட பிறகு, விளைவுக்கு அவரே பொறுப்பு என்பதுதான் என் நிலைப்பாடு.

டொங்காட் கணக்கர் எழுதியது:

அண்ணா, நீங்கள் கொடுத்த விவரங்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செலுத்தியது 1,000, போனஸ் 1,000, ஆக 2,000. அதன் 30 மடங்கு 60,000 ராண்ட். ஸ்லாட் ஒன்று கட்டப்படும் பணத்தில் சராசரியாக 96 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது என்று கொள்வோம். மீதி 4 விழுக்காடு தளத்துக்குப் போகிறது. 60,000 ராண்டையும் கட்டி முடிப்பவரின் சராசரி இழப்பு 2,400 ராண்ட். கையில் இருப்பதோ போனஸையும் சேர்த்து 2,000 தான். எனவே பெரும்பாலோரின் கணக்கு, நிபந்தனை நிறைவேறுவதற்கு முன்பே காலியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதே சரி. ரூலெட்டில் தளத்தின் சாதகம் (கட்டும் பணத்தில் சராசரியாகத் தளத்துக்குப் போகும் பங்கு) குறைவு என்று எண்ணி அங்கே போனால் நிலைமை இன்னும் மோசம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் சாதகம் 37-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2.7 விழுக்காடு. ஆனால் 20 விழுக்காடே கணக்கில் சேர்வதால் 3,00,000 ராண்டுக்குப் பந்தயம் கட்ட வேண்டும். சராசரி இழப்பு 8,000 ராண்டைத் தாண்டும். 1,000 ராண்ட் பரிசு என்று தலைப்பில் சொல்லப்படுவதன் உண்மை மதிப்பு சுழியத்துக்கும் கீழே இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் வாசகர் எழுதியது:

உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை, தம்பி. ஆனால் அந்தக் கணக்கை உங்களால் போட முடிந்ததே என் வாதத்துக்குச் சான்று. பெருக்கலும் விழுக்காடும் தெரிந்த எவரும் அதைச் செய்யலாம். மேலும், எல்லாச் சலுகைகளும் இப்படிப்பட்டவை அல்ல. போனஸ் தொகைக்கு மட்டும் 5 மடங்கு என்று நிபந்தனை இருந்தால் கட்ட வேண்டியது 5,000 ராண்ட். அதே 4 விழுக்காட்டில் சராசரி இழப்பு 200. 1,000 ராண்ட் போனஸில் 800 மிஞ்சுகிறது. நிபந்தனையைப் படிப்பவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் கண்டித்தால், கவனமாகப் படிப்பவருக்கு அதனால் எந்த உதவியும் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி எழுதியது:

அண்ணா சொல்வதில் ஓர் இடைவெளி இருக்கிறது. டொங்காட் தம்பி பயன்படுத்திய 96 விழுக்காடு என்ற எண் சலுகையின் நிபந்தனைகளில் எங்கும் இல்லை. அதை அவர் அனுமானமாக எடுத்துக்கொண்டார். அந்த எண் ஒவ்வொரு ஆட்டத்தின் உதவிப் பக்கத்துக்குள் இருக்கும். ஒரே பெயர் கொண்ட ஸ்லாட்டை அதைத் தயாரிக்கும் நிறுவனங்கள் வெவ்வேறு விகிதங்களில் தளங்களுக்கு வழங்குவதும் உண்டு என்பதால், ஒரு தளத்தில் பார்த்த எண் இன்னொரு தளத்தில் பொருந்தாது. போனஸ் நிபந்தனை ஒரு பக்கத்திலும், தளத்தின் பொது விதிகள் மற்றொரு பக்கத்திலும், ஆட்டத்தின் விதி மூன்றாவது இடத்திலும் இருக்க, 60,000 என்ற தொகையோ எந்த இடத்திலும் எழுதப்படாமல் இருக்கும்போது, எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, சராசரி எழுத்தறிவும் குறைந்த அனுபவமும் உடைய நுகர்வோர் பெரிய முயற்சியின்றிப் புரிந்துகொள்ளும் எளிய மொழியை எதிர்பார்க்கிறது. 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டமோ சூதாட்டத்தைப் பொய்யாகவோ தவறான எண்ணம் தரும் விதத்திலோ விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. தலைப்பில் 1,000 ராண்டைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, அதை அடைய வேண்டிய 60,000 ராண்டைப் படிப்பவரே பெருக்கிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது இந்த இரண்டு விதிகளின் நோக்கத்துக்கும் எதிரானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாட்ஸ்வொர்த் வாசகர் எழுதியது:

அக்கா, நீங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவைக் குறிப்பிடாமல் விட்டது சரியே. ஏனெனில் நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கும் விதிகளையும் அவை போன்றவற்றையும்தான் அது கண்ணில் படும்படி காட்டச் சொல்கிறது. எத்தனை மடங்கு பந்தயம் என்பது அந்த வகையில் சேராது. 22-ஆம் பிரிவு எளிய மொழியைக் கேட்கிறது. "30 மடங்கு" என்பது எளிய மொழிதானே? ஆட்டத்தின் விகிதத்தைச் சலுகைப் பக்கத்திலேயே போட வேண்டும் என்பதை மட்டும் ஏற்கிறேன்.

டர்பன் குதிரைப் பந்தய ரசிகர் எழுதியது:

ஸ்லாட் போனஸ் பற்றியே பேசுகிறோம். ஜூலை மாதத்தில் கிரேவில் மைதானத்து டர்பன் ஜூலைப் பந்தயத்தை ஒட்டி நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவது இலவசப் பந்தயம் என்னும் சலுகை. இதில் பெருக்கல் சிக்கல் இல்லை, ஆனால் வேறொரு நுணுக்கம் உண்டு. 100 ராண்ட் இலவசப் பந்தயத்தை 2.0 விகிதத்தில் கட்டி வென்றால், சொந்தப் பணமாக இருந்தால் 200 ராண்ட் கைக்கு வரும். இலவசப் பந்தயத்தில் பெரும்பாலும் கட்டுத்தொகை திரும்புவதில்லை, 100 மட்டுமே வரும். வெல்ல பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் அந்த 100 ராண்டின் மதிப்பு 50 ராண்ட். வெல்ல ஐந்தில் ஒரு வாய்ப்புள்ள, அதற்குச் சரியான 5.0 விகிதம் தரப்படும் குதிரைமேல் கட்டினால் மதிப்பு 80 வரை உயரும், ஆனால் ஐந்தில் நான்கு முறை எதுவுமே கிடைக்காது. இந்த அளவு கணக்கு பந்தயக்காரர் பலருக்கும் பழக்கமானதே. ஆகவே நான் சாட்ஸ்வொர்த் அண்ணாவின் பக்கம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி எழுதியது:

பல காலம் பந்தயம் கட்டிப் பழகியவருக்குத் தெரியும் என்பதை ஏற்கிறேன். வரவேற்புச் சலுகையோ, பெயரே சொல்வதுபோல், புதிதாக வருபவருக்கு உரியது. எதுவும் பழகாதவரை நோக்கிச் செய்யப்படும் விளம்பரத்தைப் பழகியவரின் அறிவைக் கொண்டு அளப்பது நியாயமாகாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மாகாண உரிமம் பெற்ற பந்தய நிறுவனம் விளையாட்டுப் பந்தயத்தை இணையத்தில் ஏற்பது சட்டப்படியானது. ஆனால் இணையக் காசினோ ஆட்டங்களுக்கு வழிசெய்ய 2008-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. (மாகாண உரிமத்தின் கீழ் ஸ்லாட் போன்ற ஆட்டங்களை நடத்துவது சரியா என்ற சர்ச்சை தனியாக இருக்கிறது.) தளத்தை இயக்கும் கணினி (வழங்கி) அயல்நாட்டில் இருந்தாலும், ஆடுபவர் இங்கே அமர்ந்து ஆடினால் சூதாட்டம் இங்கேயே நடக்கிறது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல், ஸ்வாசிலாந்திலிருந்து இயங்கிய ஒரு காசினோவின் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டவிரோத ஆட்டத்தில் வென்ற பணம் அரசுக்குப் பறிமுதலாகவும் கூடும். அயல்நாட்டுத் தளத்தின் போனஸ் நிபந்தனையை வரிவரியாகப் படித்து முடித்தவர், அந்தத் தளம் பணம் தர மறுத்தால் இங்குள்ள எந்தச் சூதாட்ட வாரியத்திடம் முறையிடுவார்?

டொங்காட் கணக்கர் எழுதியது:

அக்காவின் கேள்வியை உள்ளூர் உரிமம் பெற்ற தளங்களுக்கும் நீட்டலாம். பல நிபந்தனைகளில் "முறையற்ற ஆட்டம் என்று நிறுவனம் கருதினால் போனஸையும் வென்ற தொகையையும் ரத்து செய்யலாம்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். எது முறையற்றது என்று முழுமையாக வரையறுக்காத விதியை எத்தனை முறை படித்தாலும் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. அண்ணா, இங்கே உங்கள் "படித்து ஏற்றார்" என்ற வாதம் எப்படி நிற்கும்?

சாட்ஸ்வொர்த் வாசகர் எழுதியது:

அந்த ஒரு விதியில் என் வாதம் நிற்காது. நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட விதி, படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விதி அல்ல. ஆனால் அதற்கு மருந்து போனஸையே தடை செய்வதல்ல. பிரித்தானியாவில் 2018-இல் போட்டி மற்றும் சந்தை ஆணையம் தலையிட்ட பிறகு, ஆடுபவர் தம் சொந்தப் பணத்தை எடுக்கப் பலமுறை பந்தயம் கட்ட வேண்டும் என்ற முறையைச் சில பெரிய நிறுவனங்கள் கைவிட ஒப்புக்கொண்டன. அங்குள்ள சூதாட்ட ஆணையம் 2025-இல், போனஸ் நிபந்தனை 10 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றும் அறிவித்தது. நம் மாகாண வாரியங்கள் அதைச் செய்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் அந்த வரம்புக்குள் தரப்படும் சலுகையை ஏற்பதா விடுவதா என்ற முடிவு ஆடுபவருடையதே என்பதில் நான் மாறவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி எழுதியது:

10 மடங்கு என்றால் போனஸுக்கு மட்டுமா, செலுத்திய பணத்துக்கும் சேர்த்தா என்பதையும் வாரியம் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சின் தொடக்கத்தில் வந்த சலுகையில் இரண்டும் சேர்ந்ததால்தான் 30,000 ராண்ட் 60,000 ஆனது. கட்ட வேண்டிய மொத்தத் தொகையை ராண்டில், போனஸ் தொகை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில், அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்றும் நான் கேட்கிறேன்.

உங்கள் நண்பர் இன்னும் பணம் செலுத்தவில்லை என்றால், தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்: அந்தத் தளத்துக்கு எந்த மாகாண வாரியம் உரிமம் தந்தது என்று முதலில் பார்க்கட்டும். போனஸ் இல்லாமல் பணம் செலுத்த முடியுமா, போனஸை ஏற்றால் தம் 1,000 ராண்டை இடையில் எடுக்க முடியுமா, எடுத்தால் போனஸ் மட்டும் போகுமா அல்லது வென்றதும் சேர்ந்து போகுமா என்று தளத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

சாட்ஸ்வொர்த் வாசகர் எழுதியது:

அவர் இன்னும் செலுத்தவில்லை, அக்கா. இந்தக் கேள்விகளை இன்றே அவருக்கு அனுப்புகிறேன். தளத்தின் பதில் வந்ததும், அவர் சம்மதித்தால், இங்கே பதிகிறேன்.