பனிச்சறுக்கில் சிவப்புப் பாதையில் இறங்கும்போது பின்னால் சாய்ந்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு என்ன பயிற்சி செய்யலாம்?

கொக்குவில் சலங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் வீட்டோடு சேர்த்துச் சிறிய பரதநாட்டிய வகுப்பு ஒன்று நடத்துகிறேன். வயது 43. தம்பி குடும்பம் சுவிஸில், பேர்ண் பக்கம். போன இரண்டு மார்கழியும் அவர்களோடு போய் நின்றேன். தம்பியின் மகளுக்கு 14 வயது, சின்ன வயதிலிருந்தே ஸ்கீயில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், நிற்கிற பிள்ளை. அவள்தான் "மாமி, ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று கிரின்டெல்வால்டு என்ற பனிச்சறுக்கு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

முதல் வருடம் போட்மி என்ற பழகுநர் சரிவில் ஐந்து நாள். ஸ்கீ இரண்டின் நுனியையும் கூட்டி, வாலை அகட்டி, பிரேக் பிடித்தபடி இறங்குவது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் 'பீட்சா' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், ஒரு துண்டு பீட்சாவின் வடிவம் என்பதால். எனக்கு இது வந்து சேர மூன்று நாள் எடுத்தது. பரதத்தில் பாதி குந்தி நிற்கும் அரைமண்டியில் குதிக்கால் உள்ளே, விரல் வெளியே. பீட்சாவில் விரல் உள்ளே, குதிக்கால் வெளியே. ஏழு வயதிலிருந்து வெளிப்பக்கம் திறந்து பழகிய இடுப்பை உள்ளே திருப்பு என்றால் அது இலேசில் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் இலகுவான நீலப் பாதைகளில் ஸ்கீ இரண்டையும் சமாந்தரமாக வைத்துத் திரும்ப வந்துவிட்டது. கடைசி இரண்டு நாளும் அதைவிடச் செங்குத்தான சிவப்பில் இறங்கினேன். மூன்றாவது திருப்பத்திலேயே தொடை எரியத் தொடங்கியது. ஸ்கீ முன்னால் ஓடுகிறது, நான் பின்னால் இழுபடுகிறேன். மருமகள் ஃபோனில் எடுத்த வீடியோவை இரவு பார்த்தேன். இடுப்பு குதிக்காலுக்கும் பின்னால், கைகள் இரண்டும் தொடைக்குப் பக்கத்தில், பார்வை ஸ்கீ நுனியில்.

என்னைத் தூங்கவிடாத விடயம் இதுதான்: இறங்கும்போது நான் நன்றாக முன்னால் சாய்ந்து நிற்பதாகவே உணர்ந்தேன். சத்தியமாக. இருபது வருடமாக மற்றவர்களின் உடம்பைப் பார்த்துத் திருத்துகிறவள் நான். ஒரு பிள்ளையின் மண்டி ஒரு விரற்கடை உயர்ந்தால் வகுப்பின் மறு மூலையில் இருந்தே எனக்குத் தெரியும். என் உடம்பு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வருகிற மார்கழி மறுபடி போகிறேன், பத்து நாள். இங்கே பனியும் இல்லை, மேடும் இல்லை. அதுவரை என்ன செய்யலாம்? அங்கே தனிப் பயிற்றுநருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கொடுக்க என்னிடம் காசு இல்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தை எப்படிப் பிரயோசனப்படுத்துவது? தம்பி ஒன்று சொல்கிறான், அவன் மனைவி வேறு ஒன்று சொல்கிறாள், மருமகள் பத்துச் சொல்கிறாள். எல்லாமே சரியாக இருக்கலாம். சரிவில் நிற்கும்போது ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.

பருத்தித்துறையான் (ஒஸ்லோ) எழுதியது:

வணக்கம் அக்கா. நான் ஒஸ்லோவில் 22 வருடம். குளிர்காலத்தில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கும், இப்போது கொஞ்சம் வயது வந்த எங்கள் ஆட்களுக்கும் ஸ்கீ பழக்குகிறேன்.

உங்கள் வீடியோவைப் பார்க்காமலே சொல்லலாம், அந்தச் சரிவு உங்கள் கைக்கு மிஞ்சினது. பயம் வந்தால் எந்த உடம்பும் மலைப்பக்கம் ஒதுங்கும். ஒதுங்கினால் பாரம் ஸ்கீயின் வாலுக்குப் போகும். முன்பாதியில் பாரம் இல்லாவிட்டால் நுனி திரும்பாது. திரும்பாத ஸ்கீ நேரே பள்ளத்துக்கு ஓடும், வேகம் கூடும், பயம் இன்னும் கூடும். தொடை எரிவதும் அதனால்தான். நிமிர்ந்து நின்றால் எலும்பு தாங்குகிற பாரத்தைக் குந்தி இருந்தால் தசை தாங்க வேண்டும்.

ஸ்கீயை ஒருமுறை மேலிருந்து வடிவாகப் பாருங்கள். நுனியும் வாலும் அகலம், நடு ஒடுக்கம். அதைச் சரித்து விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வில் போல வளையும். வளைந்த ஸ்கீ தானே திரும்பும், நாங்கள் முறுக்கித் திருப்பத் தேவையில்லை. அந்த அழுத்தம் வெளிப்பக்க ஸ்கீயில் இருக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் வலது ஸ்கீ, வலப்பக்கம் திரும்பினால் இடது ஸ்கீ. திருப்பம் முடிகிற இடத்தில் அதுதான் பள்ளப்பக்க ஸ்கீயாக இருக்கும். மருமகள் 'டால்ஸ்கி' என்று ஜெர்மனில் சொல்லியிருப்பாள். பயந்த உடம்பு மற்றக் காலில், மலைப்பக்கக் காலில் போய் நின்றுகொள்ளும்.

போனவுடன் நீலப் பாதைக்கே போங்கள். முதல் மூன்று நாளும் சிவப்புப் பக்கம் எட்டியும் பார்க்க வேண்டாம். சரிவைக் குறுக்காகக் கடந்து போகும்போது மலைப்பக்க ஸ்கீயின் வாலை மட்டும் தூக்குங்கள், நுனி பனியைத் தொட்டபடி இருக்கட்டும். பின்னால் சாய்ந்திருந்தால் இதைச் செய்யவே முடியாது. பத்து எண்ணும் வரை பிடிக்க முடிந்தால் நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறீர்கள். நான் பக்கத்தில் நின்று சொல்லத் தேவையில்லை, ஸ்கீயே சொல்லிவிடும். அது வந்த பிறகு திருப்பத்தின் நடுவிலும் அதேபோல உள்பக்க ஸ்கீயின் வாலைத் தூக்கிப் பாருங்கள்.

பக்கவாட்டில் வழுகுவதையும் விடாமல் செய்யுங்கள். ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, விளிம்பைக் கொஞ்சம் தளர்த்தி நேர் கீழே வழுகி, மறுபடி விளிம்பைப் பிடித்து நிற்பது. பாரம் நடுவில் இல்லாவிட்டால் நுனியோ வாலோ முந்தி இறங்கிவிடும், உடனே தெரியும்.

ஊரில் மேடு இல்லை என்கிறீர்கள். மணற்காடு இருக்கிறதே! குடத்தனை தாண்டி, மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோவில் பக்கம். மணலில் வழுக வராது, ஆனால் சரிவு சரிவுதான். சப்பாத்தோடு குறுக்காக நின்று, கீழ்க்காலில் முழுப் பாரத்தையும் வைத்து, மேல்காலின் குதியைத் தூக்கி விரலை மட்டும் மணலில் ஊன்றுங்கள். பிறகு துள்ளி மறுபக்கம் திரும்பி அதையே செய்யுங்கள். விடிய ஆறரைக்குள் போனால் நல்லது, வெயில் ஏறினால் மணல் கொதிக்கும். அடம்பன் கொடி படர்ந்த இடத்தில் மட்டும் ஏற வேண்டாம், மணலைக் கட்டி வைத்திருப்பது அந்தக் கொடிதான். ஐப்பசியில் மழை பிடிக்க முதல் முடித்துவிடுங்கள்.

ரொறன்ரோ ராசன் எழுதியது:

அக்கா, இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. நான் இங்கே புளூ மவுண்டன் ஸ்கீ மலையில் இரண்டாவது சீசனிலேயே கஷ்டமான கறுப்பு வைரப் பாதையில் இறங்கினேன். நாலு தரம் விழுந்தேன், பயம் போய்விட்டது. நீலத்திலேயே நின்றால் நீலத்திலேயே நிற்பீர்கள்.

பருத்தித்துறையான் (ஒஸ்லோ) எழுதியது:

ராசன் தம்பி, உங்களுக்கு அது சரிவந்தது சந்தோசம். ஆனால் அந்த ஆலோசனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் 10 விதிகளில் இரண்டாவது, தன் திறமைக்கும் சரிவுக்கும் ஏற்ற வேகத்தில் கட்டுப்பாட்டோடு போக வேண்டும் என்பது. மூன்றாவது, பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத பாதையைத் தெரிய வேண்டும் என்பது. திரும்பவும் நிற்கவும் முடியாமல் கறுப்பில் இறங்குகிறவர் இரண்டையும் மீறுகிறார். கீழே நிற்பது ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கலாம். அதைவிட, பயத்தோடு செய்த பிழையைத்தான் உடம்பு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். என்னிடம் வருகிற பெரியவர்களில் பழக்கக் கஷ்டமானவர்கள் பழகாமல் வருகிறவர்கள் இல்லை. பிழையாகப் பழகிக்கொண்டு வருகிறவர்கள்தான்.

நல்லூர் விளையாட்டு வாத்தியார் எழுதியது:

ரீச்சர், நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. 28 வருடம் பள்ளிக்கூடங்களில் ஓட்டமும் வலைப்பந்தும் பழக்கியவன். "பத்துச் சொல்கிறாள், ஒன்றும் நினைவில் இல்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கேப்ரியேலே வுல்ஃப் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் கூட வேலை செய்தவர்களும் 1998இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பனியில் செய்ததில்லை, ஸ்கீ அசைவைப் பழக்குகிற ஒரு கருவியில் செய்தது. வளைந்த தண்டவாளத்தில் பக்கம் பக்கமாக ஓடும் மேடை, அதன் அடியில் சில்லுகள். ஒரு குழுவுக்கு "வெளிக்காலால் அழுத்துங்கள்" என்று சொன்னார்கள். மற்றக் குழுவுக்கு "வெளிப்பக்கச் சில்லுகளை அழுத்துங்கள்" என்று. சில்லு இருப்பது காலுக்கு நேர் கீழேதான். இருந்தும் சில்லை நினைத்தவர்கள்தான் நன்றாகப் பழகினார்கள்.

நான் இதைப் படித்த பிறகு "கையை நீட்டு" என்று சொல்வதை விட்டுவிட்டுப் பந்து போக வேண்டிய இடத்தைக் காட்டத் தொடங்கினேன். உங்களுக்கும் "முழங்காலை மடி, இடுப்பை முன்னுக்குத் தள்ளு" என்பதைவிட "சப்பாத்தின் நாக்கை முன்னுக்கு அழுத்து", "வெளி ஸ்கீயைப் பனிக்குள் இறக்கு" என்பது வேலை செய்யும் என்று நினைக்கிறேன். ஒரு இறக்கத்துக்கு ஒரு சொல். மருமகளிடம் இதை முதலே கதைத்து வையுங்கள்.

வீடியோவைப் பார்க்க முதல் "நான் எங்கே நின்றேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள். நீங்கள் சொன்னதற்கும் வீடியோவுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டு வந்தால் உங்கள் உள்ளுணர்வு திருந்துகிறது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் பார்க்காதீர்கள். எந்நேரமும் யாராவது திருத்திக்கொண்டிருந்தால், திருத்த ஆள் இல்லாத நேரம் உடம்பு அந்தரப்படும். உங்கள் வகுப்பிலும் இதைக் கண்டிருப்பீர்கள்.

பேர்ண் இயன்மருத்துவம் எழுதியது:

அக்கா, நிற்கிற விதத்தைத் திருத்த முதல் சப்பாத்தைப் பாருங்கள். வாடகைக் கடையில் "கொஞ்சம் இறுக்கமாக இருக்கு" என்று சொன்னவுடன் ஒரு அளவு பெரிதாகத் தந்துவிடுவார்கள். குதிக்கால் உள்ளே எழும்பி எழும்பி அடித்தால் நீங்கள் எவ்வளவு முன்னால் சாய்ந்தாலும் அந்தச் செய்தி ஸ்கீக்குப் போய்ச் சேராது. ஸ்கீச் சப்பாத்தின் மெத்தையான உள்சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெளிப்பக்கக் கெட்டி ஓட்டுக்குள் மட்டும் காலை விடுங்கள். விரல் முன்னால் முட்டும்போது குதிக்குப் பின்னால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். மெல்லிய காலுறை ஒரே ஒரு சோடி. அதற்கு மேல் போடாதீர்கள்.

இன்னொன்று. என் வேலையில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்து வருகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போன நிலையில், விழாமல் எழும்பப் பார்க்கிற நேரத்தில்தான் இது அடிக்கடி நடக்கும். சமநிலை தப்பினால் கையை முன்னால் கொண்டுவந்து, காலை நீட்டாமல், பக்கமாக விழுந்துவிடுங்கள். வழுகுவது முழுக்க நிற்கும்வரை எழும்பப் பார்க்க வேண்டாம்.

கொக்குவில் சலங்கை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று ஞாயிறும் மணற்காட்டுக்குப் போய் வந்துவிட்டேன். என்னிடம் பதினொரு வருடமாகப் பழகுகிற பிள்ளை ஒருத்தி கூட வந்தாள், ஃபோன் பிடிக்க.

முதல் நாள், வாத்தியார் ஐயா சொன்னபடி, பார்க்க முதல் வாய்விட்டுச் சொன்னேன்: பாரம் முழுக்கக் கீழ்க்காலில், நெஞ்சு கடலைப் பார்த்து. பிறகு வீடியோவைப் பார்த்தோம். மேல்கால் முழுப் பாதமும் மணலுக்குள் புதைந்திருக்கிறது. பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரீச்சர், உங்கட நெஞ்சு மேட்டைப் பார்க்குது" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. சலங்கையைச் சப்பாத்தோடு கட்ட எனக்கு மனம் வராது. வீட்டில் கிடந்த பழைய முத்துக் கொலுசு ஒன்றை எடுத்து, சப்பாத்துக்கு மேலே, மேட்டுப்பக்கக் காலில் கட்டினேன். அந்தக் குதியைத் தூக்கி, விரலை மட்டும் ஊன்றி, 'தகதிமி' சொல்லிக்கொண்டு நின்றேன். கொலுசு சத்தம் போடக்கூடாது. பாரம் ஒரு துளி மேல்காலுக்கு ஓடினாலும் கால் நடுங்கும், முத்து கிணுங்கும். பிள்ளை சொல்ல முதலே எனக்குக் கேட்டுவிடும். முதல் நாள் ஒரு தகதிமி முடிய முதலே கிணுங்கியது. போன ஞாயிறு ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று, 16 அட்சரம், சத்தமே இல்லை. மறுபக்கம் திரும்பி இடது காலில் நிற்கும்போது ஒரு ஆவர்த்தனம்தான் வருகிறது. இடது கால் எனக்கு இவ்வளவு பலவீனம் என்று இன்றுவரை தெரியாது. போன வருடம் வலப்பக்கத் திருப்பங்கள்தான் மோசமாக இருந்தன, அதற்கும் காரணம் இதுதான் போல.

முன்னால் சாய வேண்டும் என்று நினைத்தால் முதுகுதான் வளைகிறது, இடுப்பு பின்னால்தான் நிற்கிறது. கணைக்காலால் சப்பாத்தின் நாக்கைத் தள்ளுவதாக நினைத்தால் முழு உடம்பும் சேர்ந்து வருகிறது. அரைமண்டியில் முழங்கால் பக்கத்துக்குப் போகும், இங்கே அது விரலுக்கு மேலே முன்னால் போக வேண்டும். அந்த ஒரு வேறுபாடு இப்போதுதான் உடம்புக்குள் இறங்கியிருக்கிறது.

பயிற்றுநரின் இரண்டு மணித்தியாலத்தையும் பிரித்துவிட்டேன். இரண்டாம் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஒன்று. வெளி ஸ்கீயில் நிற்கிறேனா என்பதை மட்டும் கேட்கப் போகிறேன். சப்பாத்து பார்க்க முதல் நாள் காலையை ஒதுக்கச் சொல்லித் தம்பிக்கு அறிவித்துவிட்டேன். மருமகளோடும் கதைத்தேன், ஒரு இறக்கத்துக்கு ஒரு சொல் என்று ஒத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறும் போகிறோம். வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகள் தாங்களும் வரப்போவதாகச் சொல்கிறார்கள். கொலுசுதான் இன்னும் இரண்டு தேட வேண்டும்.