புதுப்பிப்பு: குடியை நிறுத்திய பிறகு சபையும் திருவிருந்தும்

குடியை நிறுத்திவிட்டேன், வீட்டில் ஜெபம் தொடர்கிறது, ஆனால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குத் திரும்பி, திருவிருந்தில் (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஆராதனை) ஒயின் பாத்திரத்தில் வாய் வைக்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "திருவிருந்து ஞாயிறுக்கு முன்பே ஐயரைத் தனியாகப் பாருங்கள்" என்று ஓர் அக்கா சொன்ன யோசனை (ஐயர் என்பது எங்கள் சபைப் போதகர்). போய்ப் பார்த்தேன்; அப்பத்தை மட்டும் வாங்கினால் போதும், அதுவும் முழுத் திருவிருந்துதான் என்றார் ஐயர். எதிர்பாராதது என்னவென்றால், எங்கள் கோவிலில் ஒயினே கிடையாதாம். கோவில்குட்டியார் (கோவில் வேலைகளைக் கவனிக்கும் ஊழியர்) முந்தின நாள் சாயங்காலம் உலர்திராட்சையை வேகவைத்து, கையால் பிசைந்து, துணியில் வடிகட்டுவதை நேரில் பார்த்தேன். ஆனாலும் அந்த வாசனை எனக்கு ஆகவில்லை. இப்போதைக்கு அப்பம் மட்டும். பாத்திரம் வரும்போது தலை குனிகிறேன், ஐயர் கை வைத்து ஜெபித்துவிட்டு நகர்கிறார். சில சபைகளில் நிஜ ஒயின்தான், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

"கொஞ்ச நாள் சபையை விட்டுத் தள்ளியிருங்கள்" என்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஞாயிறு மதியத் தனிமைதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்தையும் விடவில்லை. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய அது எந்தச் சபையையும் சேர்ந்ததல்ல. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்றே அதன் பன்னிரண்டு படிகளில் மூன்றாம் படி சொல்கிறது. செய்த தவறுகளை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளும் ஐந்தாம் படிக்கு, உள்ளதையெல்லாம் ஸ்பான்சரிடம் (ஏ.ஏ.வில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) சொன்னேன், ஐயரிடம் அல்ல. ஒரே ஊருக்குள் அதுதான் நல்லது.

சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் கட்டும் சந்தா) பாக்கியைத் தவணையாகக் கட்டச் சபையில் சம்மதித்தார்கள். கமிட்டிப் பொறுப்பு மட்டும் இந்த வருஷம் வேண்டாம் என்றுவிட்டேன்.