1942 ஏப்ரல் கொழும்புத் தாக்குதல்: தமிழில் கண்காட்சி வைக்க ஆலோசனை தேவை

வெள்ளவத்தை வாசகர் வட்டம்:

வணக்கம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கியதையும், நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதையும் பற்றித் தமிழில் ஒரு சிறு கண்காட்சி வைக்க எண்ணியிருக்கிறோம். 12 பலகைகள் வைக்க இடமுண்டு. வருபவர்கள் பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும்தான். அடுத்து வரும் ஞாயிறு கோட்டைப் பகுதியில் ஒரு வரலாற்று நடையும் உண்டு.

கப்பல், விமான இழப்பு எண்கள் ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாக இருக்கின்றன. எதை எடுப்பது? படங்களை எடுத்துப் போடலாமா? பலகையில் தமிழ் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்? நடையை எங்கே தொடங்குவது?

சுவடித்தேடி:

எண்கள் ஏன் முரண்படுகின்றன என்று பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வான்சண்டையில் ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருந்தால் மூன்று பேரும் தன் கணக்கில் எழுதுவார்கள். அதனால் எந்த இழப்பையும் இழந்த தரப்பின் பதிவிலிருந்தே எடுங்கள். ஜப்பானியப் பதிவுகளின்படி கொழும்பின் மேல் அவர்கள் இழந்தது 7 விமானங்கள். அன்று பிரித்தானியத் தரப்பு அறிவித்த தொகை இதைவிடப் பல மடங்கு. இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கமாக வைத்து, எது யாருடைய கணக்கு என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் இல்லை.

அடுத்த வில்லங்கம் நேரம். ஜப்பானியக் கடற்படை எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தில்தான் பதிவு எழுதியது. இலங்கை நேரம் 1942 ஜனவரியில் அரை மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டு, ஏப்ரலில் கிரீன்விச்சிலிருந்து 6 மணித்தியாலம் முந்தியிருந்தது. ஆகவே ஜப்பானியக் குறிப்பிலிருந்து 3 மணித்தியாலத்தைக் கழித்தால் அன்றைய கொழும்பு நேரம் வரும். இன்றைய ஐந்தரையை வைத்துக் கணக்குப் பார்த்தால் எல்லாம் அரை மணித்தியாலம் பிசகும். தாக்குதல் காலை ஏழரை மணியளவில் நடந்தது. பலகைகள் முழுவதிலும் அன்றைய கொழும்பு நேரத்தை மட்டுமே பாவியுங்கள்.

மூலங்கள்: பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படைப் போர்க்கால அறிக்கைகள் ஏ.டி.எம். 199 தொகுதியிலும், விமானப்படை அணிகளின் நாளாந்தப் பதிவுகள் ஏ.ஐ.ஆர். 27 தொகுதியிலும் உள்ளன. தேட வேண்டிய அணிகள் இரண்டு: இரத்மலானையில் இருந்த 30ஆம் அணி, ஓடுபாதையாக மாற்றிய கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலான றேஸ்கோர்ஸில் இருந்த 258ஆம் அணி. ஜப்பானிய விமானந்தாங்கிகளின் விமானக் குழுப் பதிவுகளை ஆசிய வரலாற்றுப் பதிவுகளுக்கான ஜப்பானிய நிலையத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை என்பதால் அந்த ஏப்ரலைத் தமிழிலேயே தேடலாம். ஆனால் தணிக்கைக் காலத்துச் செய்திகள் அவை. மக்கள் எதைக் கேள்விப்பட்டார்கள் என்பதற்கு ஆதாரமாக எடுங்கள், இழப்புக் கணக்குக்கு எடுக்காதீர்கள்.

இறந்தோர் பெயர்களுக்குப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தரவுத்தளம். ஒன்றை மறக்க வேண்டாம்: வணிகக் கப்பல்களில் வேலை செய்த இந்தியக் கடலோடிகளை இலண்டன் டவர் ஹில் நினைவகப் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அவர்களுக்குரியவை பம்பாய், சிட்டகொங் நினைவகப் பதிவேடுகள். அங்கே தேடாமல் பெயர்ப்பட்டியல் போட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள்தான் விடுபட்டுப் போவார்கள்.

படங்கள் பற்றி. 1957க்கு முன் பிரித்தானிய அரச ஊழியர் கடமையில் எடுத்த படங்களின் அரச பதிப்புரிமை 50 ஆண்டில் முடிந்துவிட்டது. ஆனால் உயர்தர ஸ்கான் பிரதிக்கு நிறுவனம் கட்டணமும் நிபந்தனையும் வைக்கலாம். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹேர்மிஸ் மூழ்கும் புகழ்பெற்ற படம் ஜப்பானிய விமானத்திலிருந்து எடுக்கப்பட்டது. கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் தாக்கப்படும் படமும் அப்படியே. படக்குறிப்பில் அதைச் சொன்னால், பார்ப்பவர் யாருடைய கண்ணால் பார்க்கிறார் என்பது புரியும்.

அச்சுக்கோப்பு:

ஏ1 பலகைக்குச் சொல்கிறேன். ஒன்றேகால் மீற்றர் தூரத்தில் நின்று வாசிக்க உடல் எழுத்து 30 புள்ளி, படக்குறிப்பு 22, தலைப்பு 90க்கு மேல். தமிழில் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வேண்டும். ஒரு வரிக்கு 6 அல்லது 7 சொல், ஒரு பலகைக்கு 100 சொல். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பலகையின் நடு, தரையிலிருந்து 140 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும்.

அச்சகத்தில் கெட்டுப்போவது எழுத்துரு. கொழும்பில் பல இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். ஒருவர் பாமினியிலும் மற்றவர் யூனிகோட்டிலும் தந்தால் பாதிப் பலகை ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எல்லோரும் யூனிகோட்டில் தாருங்கள். போட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்து வசதியைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், “கொ” மூன்று துண்டாகும். எழுத்துகளை உருவரையாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பைக் கொடுங்கள். முழு அளவில் அடிக்க முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்து, கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கறுப்பு எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு நிறம் கலந்தால் ஓரம் மங்கும்.

படம் முழு அளவில் 150 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும். ஏ1 அகலத்தை நிரப்ப ஏறத்தாழ 3,500 பிக்சல் வேண்டும். இணையத்தில் எடுத்த 800 பிக்சல் படம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் அகலத்துக்குத்தான் தாங்கும்.

காகிதம் ஒட்டிய ஃபோம் போர்ட் வேண்டாம். கொழும்பின் ஈரப்பதத்தில் ஒரு கிழமையிலேயே வில்லாக வளையும். 5 மில்லிமீற்றர் பி.வி.சி. பலகையில் மினுக்கம் இல்லாத லமினேற் போட்டு, தங்கூசியில் இரண்டு இடத்தில் தொங்கவிடுங்கள். இரட்டைப் பக்க ரேப் சுவர்ப் பூச்சோடு கழன்று வரும்.

கிழக்குக்கரை:

12 பலகையில் எல்லாக் கப்பலையும் அடுக்காதீர்கள். துறைமுகத்துக்குள் மூழ்கிய ஹெக்டர், டெனடோஸ் இரண்டும் ஒரு பலகை. தென்மேற்குக் கடலில் அதே நாள் பிற்பகல் மூழ்கிய கோர்ன்வோல், டோர்செற்ஷயர் ஒரு பலகை. அங்கே இறந்தவர்கள் 424 பேர், மறுநாள் மீட்கப்பட்டவர்கள் 1,122 பேர். ஹேர்மிஸுக்கு இரண்டு பலகை கொடுங்கள். 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பெரும்பாலோரைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது வீற்றா என்ற மருத்துவக் கப்பல். கிழக்கையும் கொழும்பையும் இணைக்கும் பகுதி அது.

முதல் பலகையை மட்டும் 1942இல் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மற்றச் சரக்குக் கப்பலானால் சரிபாதி என்று அது விதிக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கடலின் சட்டம் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசிப் பலகையை 1950 டிசம்பர் 9, அரச இலங்கைக் கடற்படை உருவானதோடு நிறுத்துங்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் இந்தக் கடல் எங்கள் சனத்துக்கு என்னவாக இருந்தது என்பது ஒரு பலகையில் அடங்காது. சாட்சிகளோடு தனியாகச் செய்ய வேண்டிய பெரிய வேலை அது.

வெள்ளவத்தை வாசகர் வட்டம்:

மிக்க நன்றி. ஒருவர் கடலிலிருந்து எடுத்த பித்தளை வெடியுறை ஒன்றும், இரும்புத் துண்டு ஒன்றும் தரலாம் என்கிறார். காட்சிக்கு வைக்கலாமா?

சுவடித்தேடி:

வாங்க வேண்டாம். உறையின் அடியில் உள்ள தீமூட்டி வெடிக்காமல் இருந்தால் இன்றும் ஆபத்து. அதை அசைக்காமல் பொலிஸுக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். மூழ்கினாலும் போர்க்கப்பல் அந்தந்த அரசின் உடைமையாகவே கருதப்படுகிறது, பலருக்கு அது கல்லறையும்கூட. கடல் இரும்பில் உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் உப்பு படிகமாகி, துரு உள்ளிருந்து தள்ள, அடுக்கடுக்காக உரியும். காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றும் வேலை ஆய்வுகூடத்துக்குரியது. காலியில் 1659இல் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலின் பொருட்களைப் பராமரித்த கடல்சார் தொல்லியல் பிரிவிடம் ஆலோசனை கேளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதாவது வேண்டுமென்றால் ஹேர்மிஸின் 1:350 அளவு மாதிரி ஒன்று செய்யுங்கள். 182 மீற்றர் கப்பல் 52 சென்ரிமீற்றராக வரும், மேசையில் வடிவாக நிற்கும்.

கோட்டைநடை:

நடைக்கு ஞாயிறு காலை 7 மணி நல்லது. கோட்டை வெறிச்சோடியிருக்கும், 9 மணிக்குப் பிறகு வெயில் பிள்ளைகளை வாட்டும். 20 பேருக்கு மேல் வேண்டாம், கையில் ஒரு சிறிய ஒலிபெருக்கி இருக்கட்டும். 1857இல் கட்டி, பின்னர் 1952 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்த மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கி, கிராண்ட் ஓரியன்ரல் ஹோட்டல் பக்கம் நடந்து, ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இருக்கும் துறைமுகக் கடல்சார் நூதனசாலையில் முடியுங்கள். அது ஞாயிறு திறந்திருக்குமா என்று முதலே கேட்டு வையுங்கள். ஹோட்டலின் மேல்மாடி உணவகத்திலிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். முன்பதிவு செய்தால் 1875இல் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைத்தடுப்பைக் காட்டியே விளக்கலாம். ஆனால் துறைமுகத்தையும் கடற்படைக் கட்டடங்களையும் படம் எடுக்கக் கூடாது என்று பெற்றோருக்குப் புறப்பட முன்பே சொல்லுங்கள். ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம்.

றேஸ்கோர்ஸை அதே நாளில் சேர்க்காதீர்கள், தூரம் கூட. அதற்கு இன்னொரு நாள் வைத்து, கொழும்பு 7இல் தேசிய நூதனசாலையையும் இணையுங்கள். றேஸ்கோர்ஸ் ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்த ஹரிகேன் போர்விமானங்கள் தடையில்லாமல் எழும்பின. இரத்மலானையிலோ எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் எழும்ப முடிந்தது. நூதனசாலையில் 1409ஆம் ஆண்டுக் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது, தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயில் தெய்வமான நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. கல் தேய்ந்திருப்பதால் நேரே பார்த்து வாசிக்க இயலாது. அச்சிட்ட வாசகத்தை ஏ4 தாளில் பெரிதாக எடுத்துப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுங்கள், வரிவரியாகத் தாங்களே தேடிப் பிடிப்பார்கள்.